மேட்டின் மேற்குப் புறம்

அளவுநாடாவோடு வருகிற எவரிடமும் 'இது எங்களுடையது' என்று சொல்லக்கூடாது. எண்ணூர் ஆற்றின் வடகரையில், சிப்பி மேட்டை ஒட்டியிருந்த பதினேழு இருளர் குடிசைகளிலும் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் பேச்சு வந்த குழந்தைவரை எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அளவுநாடா, முக்காலிக் கருவி, அட்டையில் செருகிய காகிதம், இவற்றில் எதைக் கண்டாலும் குடிசைகளின் பதில் ஒன்றுதான்: "தெரியாது சார்." மேடு யாருடையது? தெரியாது. மேட்டில் என்ன இருக்கிறது? தெரியாது. எத்தனை காலமாக இங்கே இருக்கிறீர்கள்? அதுவும் தெரியாது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒருவன் தெரியும் என்று சொன்னான். மின்நிலையத்துச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய்க்கு நிலம் அளக்க வந்தவரிடம், மேட்டை நோக்கிக் கையை வீசி, "இதெல்லாம் எங்க ஜனம் பொதைச்ச எடம் சார்" என்றான். அளக்க வந்தவர் பட்டா கேட்டார். இல்லை என்றதும் சிரித்தார். பிறகு குடிசைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் வந்த இயந்திரம் ஆக்கிரமிப்பு என்று சொல்லி ஒன்பது குடிசைகளைத் தள்ளியது. அதுவரையில் அவர்கள் அங்கே இருப்பது எந்தக் காகிதத்திலும் இல்லாமல் இருந்தது. சொன்னவன் பெயர் சின்னப்பையன். குப்பம்மாவின் கணவன்.

இப்போது அந்த மௌனத்துக்காகவே அவர்களுக்கு வேலை கிடைத்திருந்தது. புதிய சாலை ஒன்று மேட்டை வெட்டிக்கொண்டு போக இருந்தது. அதற்கு முன் ஆறு வாரம் அகழ்ந்து பார்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறைக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஆள் சேர்த்துக் கொடுத்த மேஸ்திரி எத்திராஜ், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்ற ஆட்களைக் கூட்டிவருபவர். துறைத் தலைவர் பக்தவச்சலத்திடம் அவர் தமது தேர்வை விளக்கினார்.

"மீன்காரங்கள இட்டாந்தா சங்கம் இன்றானுங்க, தலைவரக் கேக்கணும் இன்றானுங்க. இவுங்க அப்பிடி இல்ல சார். வாயே தொறக்க மாட்டாங்க. சொன்னத செஞ்சிக்கினு போய்க்கினே இருப்பாங்க."

சித்திரை வெயிலில் குப்பம்மா மூன்றாம் குழிக்குள் குந்தி அமர்ந்திருந்தாள். கொடுக்கப்பட்ட சிறு கரண்டியை இடுப்பில் செருகிவிட்டு விரல்களால் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆற்றுச் சேற்றுக்குள் இறால் தடவிப் பழகிய விரல்கள். கல் எது, சிப்பி எது, சுட்ட மண் எது என்பது கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். குழிக்குப் பொறுப்பாளரான ஆய்வு மாணவி நர்மதா முதல் நாள் கரண்டியைப் பிடிக்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்தாள். மூன்றாம் நாள் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டு, குப்பம்மாவின் விரல் எங்கெங்கே நிற்கிறது என்று கவனித்துக் குறிக்கத் தொடங்கினாள்.

"மேடம், இங்க சட்டி கீது."

"இன்னும் வெளிய தெரியவே இல்லையே?"

"சிப்பின்னா விரல வெட்டும். இது வெட்டல. சொரசொரன்னு கீது."

ஒரு மணி நேரம் தூரிகையால் பெருக்கிய பின், கவிழ்த்துவைத்த மண்சட்டி ஒன்று தெரிந்தது. அதன் அடிப்பாகத்தில், சரியாக நடுவில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. குப்பம்மாவின் கை பின்வாங்கியது. மண் சுமந்துகொண்டிருந்த பக்கத்துக் குடிசைப் பவுனம்மாள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சட்டிக்குக் கீழே என்ன வரும் என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் எலும்புக்கூடு வந்தது. தலை ஆற்றை நோக்கியிருந்தது. பக்தவச்சலம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி மண்டியிட்டார். அறுபதை நெருங்கும் அவருடைய குரலில் சிறுவனின் பரபரப்பு இருந்தது.

"நர்மதா, துளையைப் பாரு. உடைஞ்சது இல்ல. போட்டது. வயித்துக்கு மேல சட்டியைக் கவுத்து வச்சிருக்காங்க." பிறகு குப்பம்மாவின் பக்கம் திரும்பி, உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்: "ஏம்மா, இந்த மாதிரி வழக்கம் எங்கயாச்சும் பாத்திருக்கியா? கேள்விப்பட்டிருக்கியா?"

"தெரியாது சார்."

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, மாசி மாதத்தில், குப்பம்மா தன் கையாலேயே ஒரு சிறு சட்டியின் அடியில் அரிவாள் முனையால் துளை போட்டிருந்தாள். உள்ளே நின்றுபோன மூச்சு வெளியே போவதற்கான வழி அது. காய்ச்சலில் இறந்த அவளுடைய மகள் கன்னியம்மாவுக்கு அப்போது நான்கு வயது. மேட்டின் மேற்குப் புறத்தில், சீமைக்கருவேல மரங்களுக்கு அடியில் புதைத்தார்கள். கல் நடவில்லை, பூச்செடி வைக்கவில்லை. அடையாளம் இருந்தால் அது யாருடையது என்ற கேள்வி வரும்.

அன்று மாலை குழிகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடும் வேலை குப்பம்மாவுக்கு வந்தது. மற்றவர்கள் கை கழுவப் போயிருந்தார்கள். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மதியம் ஆற்றில் எடுத்துவந்த மூன்று மட்டிச் சிப்பிகளை வெளியே எடுத்தாள். வாய் மூடிய, உயிருள்ள மட்டிகள். புதிதாகப் புதைக்கத் தோண்டும்போது பழைய எலும்பில் கடப்பாரை பட்டுவிட்டால், தொந்தரவு செய்ததற்கு மூன்று மட்டி வைத்து மூடுவது அவர்கள் வழக்கம். மண்டையோட்டின் அருகில் ஈரமண்ணில் அவற்றை அழுத்திவைத்தாள். சிப்பியாலேயே ஆன மேட்டில் மூன்று மட்டியை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பக்தவச்சலம் கவனித்தார். அவரே தூரிகையை எடுத்து மண்ணை விலக்கினார். புகைப்படம் எடுக்கச் சொன்னார். 'தலைமாட்டில் மூன்று இணைசிப்பிகள், வேண்டுமென்றே வைக்கப்பட்டவை, இறந்தோர்க்கான படையல்' என்று நாட்குறிப்பில் தம் கையாலேயே எழுதினார். பஞ்சு விரித்த அட்டைப்பெட்டியில் மூன்றும் எண்ணிடப்பட்டுக் கூடாரத்துக்குப் போயின.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்த நர்மதா, பஞ்சு நனைந்திருப்பதைக் கண்டாள். நடுவில் இருந்த மட்டி வாயைச் சற்றே திறந்து வெளிர்நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பென்சில் முனையால் தொட்டாள். மட்டி அவளுடைய கண்ணாடியின் மேல் நீரைப் பீய்ச்சிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

பக்தவச்சலம் நாட்குறிப்பில் தாம் எழுதியதை அடித்தார். பேனா தாளைக் கிழித்தது. குடிசைகளிலிருந்து வந்த கூலியாட்கள் பதினொரு பேரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார்.

"யாரு வச்சீங்க? நான் கோபப்பட மாட்டேன். ஏன் வச்சீங்கன்னு தெரிஞ்சா போதும்."

"தெரியாது சார்," என்றாள் பவுனம்மாள். "தெரியாது சார்," என்றான் அடுத்தவன். பதினொரு முறையும் அதே குரலில் அதே பதில் வந்தது.

எத்திராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டார். "படிச்ச மன்சன் ஆயிரம் வருசத்து சாமான்னு எழுதிக்கினு கீறாரு, அது தண்ணி துப்புது! மானம் போச்சி சார். எவளோ வெளயாடிக்கினு கீறா. நான் வேற ஆள் இட்டாறேன்."

"வேண்டாம்," என்றார் பக்தவச்சலம். "ஆனா இனிமே குழிக்குள்ள நம்ம மாணவர்கள் மட்டும் இறங்கட்டும். இவங்க மண் சுமக்கட்டும்."

மண் நிறைந்த இரும்புச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கும்போது பவுனம்மாள் குப்பம்மாவின் பின்னால் வந்தாள்.

"மட்டி வெச்சியே, கூடவே மொளகா மசாலாவும் வெச்சிருந்தா அய்யா வறுத்துத் துன்னுருப்பாரு இல்ல?"

குப்பம்மா சிரிக்கவில்லை.

"சொம்மா சொல்லல மே. ஒனக்கு ஒரு ஆளு வாயத் தொறந்தது பத்தாதா? இப்போ கை வேற பேசுதா?"

ஞாயிற்றுக்கிழமை அகழாய்வுக்கு விடுமுறை. நீர் வற்றும் நேரத்தில் குப்பம்மா ஆற்றுக்குள் இருந்தாள். பனையோலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பற்களால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் முழங்கால்களால் ஊர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவிச் சென்றாள். இறால் விரலில் இடறியதும் பிடித்து, மோவாய்க்குக் கீழே தொங்கும் பறிக்குள் போடுவாள். சாம்பல் படியாத இடங்கள் குறைந்துகொண்டே வந்ததால் முன்பு ஒரு மணி நேரத்தில் நிரம்பிய பறி இப்போது மூன்று மணி நேரத்திலும் நிரம்புவதில்லை.

நர்மதா கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு, சல்வாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு நீருக்குள் வந்தாள். நான்கு அடி வைப்பதற்குள் சேற்றில் ஒரு கால் புதைந்து, இடுப்புவரை நனைந்து, தட்டுத்தடுமாறி நின்றாள்.

"அக்கா, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

குப்பம்மா நிமிர்ந்து பார்த்தாள். கயிற்றைப் பல்லிலிருந்து எடுக்கவில்லை. வாயில் கயிறு இருப்பவள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவள் மேலும் இரண்டு அடி ஊர்ந்தாள். நர்மதாவும் கூடவே நகர்ந்தாள்.

"நீங்க எதுவும் சொல்ல வேணாம். நான் சொல்றேன். அன்னிக்குக் கடைசியா குழியை மூடினது நீங்கன்னு எனக்குத் தெரியும். சார்கிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

இறால் ஒன்று பறிக்குள் விழுந்தது.

"நாங்க எடுக்கிற எலும்பு எங்க போகும்னு உங்களுக்கு யாரும் சொன்னதில்ல, இல்லையா? எங்க துறையில மூணாவது மாடியில ஒரு ரூம் இருக்கு. மரப்பெட்டியில போட்டு அடுக்கி வைப்போம். பெட்டி மேல பேர் இருக்காது. நம்பர் இருக்கும். திருப்பிக் கொடுங்கன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அது சரியா தப்பான்னு நானும் இந்த வாரம்தான் யோசிக்கிறேன்."

குப்பம்மாவின் கைகள் நீருக்குள் நகர்ந்துகொண்டே இருந்தன.

"புதன்கிழமை ஆய்வு முடியுது. ரோடு இன்ஜினியர், தாசில்தார் எல்லாம் வராங்க. நம்ம குழி இருக்கிற கிழக்குப் பக்கத்தை மட்டும் விட்டுட்டு, மேற்குப் பக்கத்துல எதுவும் இல்லன்னு எழுதிக் கொடுத்துடுவோம். அன்னிக்கே சாலைக்குக் கோடு போட்டுடுவாங்க."

கயிறு பல்லிலிருந்து விழுந்தது. பறி சாய்ந்து, நீர் புகுந்து, மூன்று மணி நேரத்து இறால்கள் வெளியே துள்ளின. குப்பம்மா அவற்றைப் பிடிக்கக் கை நீட்டவில்லை.

"மேற்குப் பக்கமா?"

"ஆமாக்கா."

"அங்க ஒண்ணியும் இல்லன்னு யாரு சொன்னது?"

"கேட்டப்போ எல்லாரும் தெரியாதுன்னாங்க. சார் அதை அப்படியே எழுதியிருக்காரு."

குப்பம்மா எழுந்து நின்றாள். சேறு அவள் முழங்கையிலிருந்து வழிந்தது. சற்று நேரம் மேட்டின் மேற்கு முனையில் நின்ற கருவேல மரங்களைப் பார்த்தாள். பிறகு, யாரோடோ சண்டை போடுகிற குரலில் பேசினாள்.

"சட்டில ஓட்டை எதுக்குன்னு கேட்டாரே ஒங்க சாரு, மூச்சி போறதுக்கு. இப்போவும் அப்பிடித்தான் போடறோம். என் பொண்ணுக்கு நான்தான் போட்டேன். மட்டி வெச்சதும் நான்தான். எழுப்பி வுட்டதுக்கு மன்னிப்பு கேக்காம எப்பிடி வூட்டுக்குப் போயி சோறு துன்றது?"

நர்மதாவின் கை தோள்பையில் இருந்த நோட்டை நோக்கிப் போயிற்று, பிறகு நின்றது.

"இதை எழுதிக்கட்டுமா?"

"நீ எழுதுனா இன்னா ஆவும்?"

"சார்கிட்ட காட்டுவேன். அவரு ஒத்துக்கலாம், ஒத்துக்காம போகலாம். ஆனா தாசில்தார் என் நோட்டை மதிக்க மாட்டாரு. உங்க ஆளுங்கள்ல ஒருத்தர், அத்தனை பேர் முன்னாடி, வாயால சொன்னாத்தான் கணக்குல வரும்."

"சொன்னா குடிசைங்க போவுமே மேடம்."

"போகலாம்," என்றாள் நர்மதா. "போகாதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. எனக்கு அந்த அதிகாரம் இல்ல. பொய் சொல்லி உங்களப் பேசவைக்கவும் எனக்கு இஷ்டம் இல்ல."

குப்பம்மா அவளைத் தலையிலிருந்து இடுப்புவரை பார்த்தாள். "எழுதாத. இப்போ எழுதாத. நான் சொல்றப்போ எழுது. மொதல்ல கரைக்குப் போ, அந்தாண்ட ஆழம்."

திங்கட்கிழமை காலை நர்மதா கூடாரத்தில் பக்தவச்சலத்திடம் பேசினாள். யார் என்று சொல்லாமல், ஆற்றுக்குள் கேட்டதை மட்டும் சொன்னாள். அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது உண்மையா இருந்தா, முப்பது வருஷமா நான் தேடினது இதுதான்," என்றார். "ஆனா நர்மதா, பதினொரு பேர் என் முகத்தைப் பாத்துத் தெரியாதுன்னு சொன்னாங்க. பேர் சொல்லாத ஒருத்தர் தண்ணிக்குள்ள நின்னு சொன்னாருன்னு நான் எப்படி அறிக்கையில எழுதுறது? அவங்க வந்து சொல்லட்டும். நான் கேக்கறேன்."

"அவங்க ஏன் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு நாம கேட்டோமா சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழியைப் பார்க்கப் போனார்.

செவ்வாய்க்கிழமை மாலை, வெயில் தாழும் நேரத்தில், சின்னப்பையன் குடிசை வாசலில் பறியின் அறுந்த ஓலைகளை மாற்றிக்கொண்டிருந்தான். குப்பம்மா எதிரில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்துக் குடிசை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பவுனம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

"காதுல வுழுந்துச்சி. வாணாம் மே. ஒன் பொண்ணு அங்க கீறா, சரி. எங்க அம்மா கூடத்தான் அங்க கீது. செத்தவங்களுக்கு குடிசை வோணுமா? எங்களுக்கு வோணும்."

"ரோடு வந்தா குடிசை மட்டும் நிக்குமா பவுனு? இன்னிக்கு மேற்கால, நாளைக்கு இங்க. தெரியாது தெரியாதுன்னு சொல்லிக்கினே இருந்தா, கடைசில நம்மளையே யாருன்னு தெரியாதுன்னுடுவானுங்க."

"அதுக்கு? ஒன் ஊட்டுக்காரன் சொல்லி ஒம்போது குடிசை போச்சி. நீ சொல்லி பதினேழும் போவட்டும் இன்றியா?"

சின்னப்பையனின் கை நின்றது. பவுனம்மாள் தான் சொன்னதன் கனத்தை உணர்ந்தவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். முறத்தின் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது.

"ஒம்போது வருசம்," என்றான் சின்னப்பையன். "எவனும் என்னாண்ட வந்து ஒரு பீடிக்கு நெருப்பு கேக்கல. தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"அப்பால ஏன் மே?"

அவன் ஓலையைக் கடித்து நுனியை அறுத்தான். பறியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னிக்கு நான் பண்ண தப்பு இன்னா தெரியுமா? பேசுனது இல்ல. இப்பிடி கைய வீசி, 'இதெல்லாம் எங்க எடம்'னுட்டேன். எதெல்லாம்? எங்கேந்து எங்க? அவன் சிரிச்சான். சிரிக்கத்தான் செய்வான். சொல்றதா இருந்தா ஒவ்வொருத்தரா சொல்லு. இங்க இவன், இங்க இவ. நின்னு காட்டு."

"எனக்கு எல்லாருதும் தெரியாதே."

அவன் பறியை வைத்துவிட்டு எழுந்தான். "வா."

கருவேல மரங்களுக்கிடையில் அவர்கள் நடந்தார்கள். அவன் ஓரிடத்தில் நின்று குதிகாலால் மண்ணை அழுத்துவான். ஒரு பெயரைச் சொல்வான். அவள் திருப்பிச் சொல்வாள். இங்கிருந்து நாலு எட்டு, அவனுடைய அம்மா முனியம்மா. அங்கிருந்து ரெண்டு எட்டு வடக்கே, பாம்பு கடித்த துரை. மரத்துக்கு அந்தப்புறம் பவுனம்மாளின் அம்மா அங்கம்மா. இருபத்தாறு பெயர்கள். மகள் இருந்த இடத்தில் அவன் நிற்கவில்லை. அந்த இடம் அவளுக்குத் தெரியும்.

புதன்கிழமை பத்து மணிக்கு இரண்டு ஜீப்புகள் வந்தன. சாலைப் பொறியாளர், தாசில்தார், அவர்களுக்குக் குடை பிடிக்க ஒருவர், சுண்ணாம்புப் பொடி நிரப்பிய தகரடப்பாவோடு ஒரு சர்வே உதவியாள். டப்பாவின் அடியில் ஆணியால் போட்ட துளைகள் இருந்தன. கூலியாட்கள் பதினொருவரும் இரும்புச் சட்டிகளோடு ஓரமாக நின்றார்கள்.

பக்தவச்சலம் மூன்றாம் குழியின் விளிம்பில் நின்று விளக்கினார்.

"ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்குக் குறையாது. வயிற்றின் மேல துளையிட்ட சட்டி. தலை ஆற்றைப் பார்த்து. இந்த வழக்கம் உள்ளவங்க அதுக்கப்புறம் என்ன ஆனாங்க, எங்க போனாங்க என்பதற்கு நம்மகிட்ட..." அவர் நர்மதாவைப் பார்த்தார். "இதுவரைக்கும் சான்று இல்ல."

"மேற்குப் பக்கம் கிளியர்தானே சார்?" என்றார் பொறியாளர்.

பக்தவச்சலம் கூலியாட்களின் பக்கம் திரும்பினார். "மேற்குப் பக்கத்தைப் பத்தி உங்கள்ல யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? சொல்றதுன்னா இப்போ சொல்லலாம்."

யாரும் வாய் திறக்கவில்லை. பவுனம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுங்களுக்கு இன்னா சார் தெரியும்," என்று எத்திராஜ் சிரித்தார். "பாவம், மண்ணு தூக்க வந்த ஜனம்."

பொறியாளர் விரலை அசைத்தார். சர்வே உதவியாள் கயிற்றைப் பிடித்து டப்பாவைக் குலுக்கத் தொடங்கினான். பழுப்பு மண்ணின் மேல் வெள்ளைக் கோடு மேற்கு நோக்கி நேராக நீண்டது. கருவேல மரங்களை நெருங்கியது.

குப்பம்மா தலையிலிருந்த சட்டியை இறக்கிவைத்தாள். சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். வேகமாக நடக்கவில்லை. கோட்டுக்கு முன்னால் போய், ஓரிடத்தில் நின்று, குதிகால்களை மண்ணில் அழுத்தித் திரும்பினாள். சுண்ணாம்பு அவள் கால்விரல்வரை வந்து நின்றது.

"எட்டிப் போம்மா," என்றான் உதவியாள்.

"போவ மாட்டேன்."

"இன்னா மே, வெயில்ல மண்டை கலங்கிட்ச்சா?" எத்திராஜ் ஓடிவந்தார். "வா இந்தாண்ட! பெரிய மன்சங்க முன்னாடி பேஜாரு பண்ணாத."

அவள் அவரைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"இது எங்க எடம். இங்க என் பொண்ணு கன்னியம்மா கீறா. நாலு வயசு. மாசி மாசம் வந்தா ஏழாவது வருசம். தல ஆத்தப் பாத்துக்கினு கீது. வவுத்து மேல சட்டி கீது. அந்த ஓட்டையப் போட்டது இந்தக் கை." பிறகு பக்தவச்சலத்தை நோக்கித் திரும்பினாள். "எங்க போனாங்கன்னு தெரியலன்னியே சார். எங்கியும் போவல. இங்கத்தான் கீறோம். நீ கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னவளும் நான்தான். எனக்குத் தெரியும் சார். எல்லாம் தெரியும்."

பக்தவச்சலம் குழியின் விளிம்பிலிருந்து இறங்கி அவளை நோக்கி நடக்கத் தொடங்கினார். பாதி வழியில் அவருடைய செருப்பு கழன்றது. அதை எடுக்கக் குனியவில்லை. நர்மதா அவருக்கு முன்பாகவே நோட்டோடு வந்துவிட்டாள்.

தாசில்தார் குடைக்குள்ளிருந்து எத்திராஜை அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இவ எந்தக் குடிசை?"

எத்திராஜ் கைகாட்டினார்.

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உதவியாளிடம் விரலால் ஓர் அரைவட்டம் வரைந்து காட்டினார். உதவியாள் குப்பம்மாவைச் சுற்றிக்கொண்டு அவளுக்குப் பின்புறம் போய், அங்கிருந்து டப்பாவைக் குலுக்கினான். கோடு மறுபடி நேராகத் தொடங்கியது. நடுவில், இரண்டு பாதங்களின் அகலத்துக்கு மட்டும், சுண்ணாம்பு விழாத மண் இருந்தது.

குப்பம்மா அதைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு எட்டு நடந்து அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இங்க என் மாமியா. முனியம்மா. எழுதிக்க மேடம்."

டப்பா நின்றது. உதவியாள் பொறியாளரின் விரலைப் பார்த்தான். விரல் மறுபடியும் அவளைச் சுற்றிப் போகச் சொன்னது. அவள் இரண்டு எட்டு வடக்கே நகர்ந்தாள்.

"இங்க துரை."